யாருடைய வன்தட்டை ஆராய்வது? மின்னணுத் தடயவியல் ஆய்வேட்டுக்கு நான்கு வழிகள்

கணினியிலும் போனிலும் குற்றத் தடயம் தேடும் மின்னணுத் தடயவியலில் முதுநிலை ஆய்வேடு எழுதப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “என்ன தலைப்பு எடுக்கலாம், அண்ணா?” என்பதுதான். பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவிலேயே இந்த ஆண்டு இரண்டு பேர் அந்தக் கேள்வியோடு வந்தார்கள். பகலில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை, சனி ஞாயிறுகளில் எம்.டெக். வகுப்பு என்று ஓடிக்கொண்டிருப்பவர்கள். நானும் அப்படிப் படித்து முடித்தவன்தான். தலைப்புக்குப் போவதற்கு முன் நான் அவர்களிடம் திருப்பிக் கேட்டேன்: யாருடைய தரவை ஆராயப் போகிறீர்கள், அதில் உண்மையில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியுமா?

இந்தத் துறையில் அந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. ஒரு கருவி, அழிக்கப்பட்ட 40 செய்திகளை மீட்டுத் தந்தது என்று வைத்துக்கொள்வோம். அழிக்கப்பட்டவை மொத்தம் 42 என்றால் அது நல்ல கருவி. 400 என்றால் அதை நம்பி நீதிமன்றத்துக்குப் போக முடியாது. மொத்தம் எத்தனை என்பது தெரியாதவருக்கோ, அந்த 40 வெறும் எண். ஆய்வேட்டின் முடிவுகள் அத்தியாயம் முழுவதும் இப்படிப்பட்ட எண்களால் ஆனதாகவே இருக்கப் போகிறது என்பதால், தரவைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி ஆய்வேடு முடிவாகிவிடுகிறது. தரவு கிடைக்கும் வழிகள் நான்கு: பொதுவில் கிடைக்கும் வன்தட்டுப் பிரதிகள் (படிமங்கள்), நிறுவனத்திலோ காவல்துறையிலோ உள்ள உண்மை வழக்குகள், பழைய சந்தையில் வாங்கும் வன்தட்டுகள், நாமே உருவாக்கும் தரவு. மூன்றில் நானே கால் வைத்துப் பார்த்தவன். என் சாய்வு கடைசி வழியின் பக்கம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மற்ற மூன்றும் எந்தக் கேள்விக்கும் உதவாதவை என்று நான் நினைக்கவில்லை.

முதல் வழி: பொதுவில் உள்ள படிமங்கள்

வன்தட்டின் ஒவ்வொரு பிட்டையும் அப்படியே பிரதி எடுத்து வைப்பதைப் படிமம் என்கிறோம். ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் என்றே இப்படிப்பட்ட படிமங்களை அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட், சிஎஃப்ரெட்ஸ் என்ற பெயரில் வைத்திருக்கிறது. டிஜிட்டல் கார்ப்போரா என்பது இன்னொரு பெரிய தொகுப்பு. இவற்றை இறக்கிக்கொள்ள யாருடைய கையெழுத்தும் வேண்டியதில்லை. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் விடைத்தாளும் சிலவற்றுக்கு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, உலகத்தின் வேறு மூலையில் இருப்பவர் அதே படிமத்தின் மேல் உங்கள் முறையை ஓட்டி, உங்கள் எண் சரியா என்று பார்க்கலாம். அறிவியல் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு துறைக்கு அது சிறிய விஷயமில்லை.

குறை என்னவென்றால், இவற்றில் புகழ்பெற்றவை பழையவை. டிஜிட்டல் கார்ப்போராவில் அதிகம் கையாளப்பட்ட ‘எம்57 பேட்டன்ட்ஸ்’ என்ற கற்பனை நிறுவனத்தின் கதை, 2009-ஆம் ஆண்டு இறுதியில் அந்த நிறுவனத்தின் முதல் நான்கு வாரங்களில் நடப்பதாக உருவாக்கப்பட்டது. அந்தக் காலத்து விண்டோஸில் கிடைத்த தடயங்களுக்கும், இன்று ஒருவர் கையில் உள்ள ஆண்ட்ராய்டு போனில் கிடைப்பவற்றுக்கும் தூரம் அதிகம். விடை ஏற்கனவே ஊருக்கெல்லாம் தெரிந்த புதிரை மறுபடி விடுவித்துக் காட்டினால், அதில் உங்கள் பங்கு எது என்று தேர்வாளர் கேட்பார். புதிய முறையைக் கண்டுபிடித்து, அதைப் பழைய படிமத்தில் சோதிக்கிறவருக்கு இந்தக் கேள்வி வராது. புதிய தடயத்தைத் தேடுகிறவருக்கு நிச்சயம் வரும்.

இரண்டாம் வழி: உண்மை வழக்குகள்

கேட்பதற்கு இதைவிடக் கவர்ச்சியான வழி இல்லை. பெங்களூரு இதற்கு ஏற்ற ஊராகவும் தோன்றும். சைபர் குற்றங்களுக்கென்று தனிக் காவல் நிலையம் 2001-லேயே இங்கே வந்துவிட்டது. மாநிலத் தடய அறிவியல் ஆய்வுக்கூடம் மடிவாளாவில் இருக்கிறது. தரவுக் கசிவு, ஊழியர் மோசடி என்று விசாரிக்கும் தனியார் நிறுவனங்கள் வெளிவட்டச் சாலை நெடுகிலும் இருக்கின்றன. நான் முதலில் போனது அப்படி ஒரு நிறுவனத்துக்குத்தான். பெயர் வேண்டாம். பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டவர்கள், முடிந்துபோன வழக்குகளின் படிமங்களில் வேலை செய்யலாம் என்று வாயால் சொன்னார்கள். நானும் நம்பி, ஒரு பருவம் முழுக்க, ஊழியர் வெளியேறும் முன் யூஎஸ்பி வழியே கோப்புகளை எடுத்துப் போனதைக் கண்டறிவது பற்றி அவர்களுடைய மூன்று வழக்குகளை வைத்து நாற்பது பக்கம் எழுதினேன். ஆய்வேட்டில் சேர்க்க அனுமதி கேட்டபோது கோப்பு சட்டப் பிரிவுக்குப் போனது. வாடிக்கையாளரோடு செய்த ஒப்பந்தத்தின் இரகசியக் காப்பு விதிப்படி, பெயரை நீக்கினாலும், எண்களை மாற்றினாலும், ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது என்று மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அவர்கள் சொன்னதில் தவறில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். சேரும் நாளிலேயே அதைச் சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் மட்டும் போகவில்லை.

அரசு ஆய்வுக்கூடத்தில் நிலைமை வேறு விதமாகக் கடினம். கைப்பற்றிய பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது மாறியது என்ற காவல் தொடர்ச்சி வழக்கின் உயிர்நாடி என்பதால், அதில் ஒரு மாணவனின் பெயர் இடம்பெறுவதை எந்த அதிகாரியும் விரும்ப மாட்டார். போதாததற்கு, 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3)-ஆம் பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்கே போக வேண்டும் என்கிறது. இதை ஐந்தாண்டுக்குள் செயல்படுத்த மாநிலங்களுக்கு அவகாசம் உண்டு என்றாலும், ஆய்வுக்கூடங்களின் மேசையில் குவியும் வேலை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாணவருக்கு ஒதுக்க அவர்களிடம் நேரம் எங்கே இருக்கும்?

அனுமதி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும் முன்பு கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. உண்மை வழக்கில் என்ன நடந்தது என்பது யாருக்கும் முழுதாகத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தானே விசாரணை? ஊழியர் பென்டிரைவைச் செருகினார் என்று கணினியின் பதிவேட்டில் காண்கிறோம். அவர் செருகியதை எல்லாம் கண்டுவிட்டோமா, இரண்டு முறை விட்டுப்போனதா என்பதைச் சரிபார்க்க வழியில்லை. ஆகவே கருவியின் தவறு விகிதத்தை அளக்கும் ஆய்வுக்கு இந்தத் தரவு பொருந்தாது. விசாரணையாளர்கள் எப்படி வேலை செய்கிறார்கள், எங்கே நேரம் வீணாகிறது, அறிக்கை எப்படி எழுதப்படுகிறது என்பவற்றை ஆராய விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அவரும் எழுத்து மூலம் அனுமதி வாங்கிய பின்பே தலைப்பைப் பதிவு செய்ய வேண்டும்.

மூன்றாம் வழி: எஸ்.பி. ரோடு

நிறுவனம் கைவிட்ட அடுத்த வாரம் நான் எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். டவுன் ஹால் பக்கத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், மின்னணுச் சாமான்கள் அடுக்கிய கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் தெரு அது. ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த கடையில் பழைய வன்தட்டுகளைக் காய்கறிக்கூடை போன்ற பிளாஸ்டிக் கூடையில் போட்டிருந்தார்கள். கடைப் பையன் வேலூர்ப் பக்கம். நான் கன்னடத்தில் தடுமாறுவதைப் பார்த்துத் தமிழுக்கு மாறி, “எல்லாம் ஃபார்மேட் போட்டாச்சு சார், உள்ள ஒண்ணும் இருக்காது” என்றான். ஆறு வாங்கினேன்; பழைய தினத்தாளில் சுற்றிக் கொடுத்தான்.

இந்த யோசனை என் சொந்தச் சரக்கு என்று சொல்ல மாட்டேன். சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் அமெரிக்காவில் 158 பழைய வன்தட்டுகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்து, 2003-இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது. அவற்றில் 129 வேலை செய்தன. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. அவர்களுடைய கேள்விக்கும் தரவுக்கும் இருந்த பொருத்தத்தைக் கவனிக்க வேண்டும். பழைய தட்டில் தரவு எஞ்சியிருக்கிறதா என்பதே கேள்வி. அதற்கு விடைத்தாள் தேவைப்படாது. எடுத்துப் பார்த்தாலே போதும்.

என் ஆறு தட்டுகளில் ஒன்று டக் டக் என்று சத்தம் போட்டு இறந்தது. இரண்டில் தொடக்கம் முதல் கடைசி வரை சுழியம்தான். மீதி மூன்றில் விரைவு ஃபார்மேட் மட்டும் நடந்திருந்தது. அதாவது உள்ளடக்க அட்டவணையைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தை அப்படியே வைத்திருந்தார்கள். அதில் ஒன்றிலிருந்து கோப்புகளை மீட்கத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில், திரையில் ஒரு குடும்பத்தின் சீமந்தப் படங்களும், அடுத்தடுத்து ஐந்து பேருடைய ஆதார் அட்டை நகல்களும் வந்து நின்றன. அங்கேயே நிறுத்திவிட்டேன். அவர்கள் யாரும் எனக்கு ஒப்புதல் தரவில்லை. தேடிப் போய் ஒப்புதல் கேட்டால், உங்கள் படங்களைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கும். 2023-இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்குச் சில விலக்குகளை வைத்திருக்கிறது. ஆனாலும் அது வரையறுத்த நெறிகளுக்கு உட்பட்ட விலக்கு. பல பொறியியல் துறைகளில் அந்த நெறிகளைப் பார்த்து அனுமதி தர ஓர் அறநெறிக் குழுகூடக் கிடையாது. வழிகாட்டியிடம் சொன்னபோது, அந்தத் தட்டுகளை முழுக்கத் துடைத்துவிட்டு வா என்றார். துடைத்தேன்.

கார்ஃபிங்கலின் பிற்கால வேலையும் இந்த இடத்தில் பேச வேண்டியது. பழைய தட்டுகளிலிருந்து திரட்டிய உண்மைத் தரவை ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும் கட்டுப்பாட்டோடு தந்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாகத் தர டிஜிட்டல் கார்ப்போராவில் அவர் வைத்தது, ஆட்களை நடிக்கவைத்து உருவாக்கிய கதைகளைத்தான். உண்மைத் தரவை அதிகம் திரட்டியவரே பகிர்ந்துகொள்வதற்குச் செயற்கைத் தரவை நாட வேண்டியிருந்தது என்பதை, “செயற்கைத் தரவு தாழ்ந்தது” என்று நினைக்கும் மாணவர்களுக்கு நான் எடுத்துச் சொல்வதுண்டு.

எஸ்.பி. ரோட்டு வழிக்குத் தொழில்நுட்பக் காரணத்தாலும் ஆயுள் குறைந்துகொண்டு வருகிறது. சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி தட்டுகளில் கோப்பை அழித்ததும் இயங்குதளம் ட்ரிம் கட்டளையை அனுப்ப, தட்டு தானாகவே அந்த இடத்தைக் காலி செய்துவிடுகிறது. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த புதிய போன்களிலிருந்து கோப்பு வாரியான குறியாக்கம் (திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி வைப்பது) கட்டாயம். பழைய சாதனம் வாங்கினால் பழைய தரவு கிடைக்கும் என்பது சுழலும் தட்டுகளின் காலத்து நம்பிக்கை.

நான்காம் வழி: நாமே உருவாக்குவது

இந்த வழியில் ஆய்வாளரே சந்தேக நபராகவும் நடிக்கிறார். சோதனைக்கென்று ஒதுக்கிய போனிலோ கணினியிலோ, முன்கூட்டியே எழுதிய திட்டப்படி செய்திகள் அனுப்பி, கோப்புகளைப் படியெடுத்து, சிலவற்றை அழித்து, செய்தது ஒவ்வொன்றையும் நேரத்தோடு ஒரு தாளில் குறித்து வைத்துவிட்டுப் படிமம் எடுக்கிறார். அந்தத் தாள்தான் விடைத்தாள். அது கையில் இருப்பதால், கருவி எதைக் கண்டது என்பதோடு எதைத் தவறவிட்டது என்பதையும் எண்ணிச் சொல்ல முடியும்.

என் ஆய்வேடு தடயவியல் கருவிகளில் தமிழ்ச் சொற்களைத் தேடுவதைப் பற்றியது. தலைப்பு கிடைத்த விதம் தற்செயலானது. மேலே சொன்ன நிறுவனத்தில் ஒரு நாள் தமிழில் தட்டிய கோப்பு ஒன்று வந்தது; திரையில் கண்ணெதிரே இருந்த சொல்லைத் தேடல் பெட்டியில் இட்டபோது, இல்லை என்று விடை வந்தது. நிறுவனம் தன் தரவைத் தரவில்லை. அந்தப் புதிரை மட்டும் என்னால் எடுத்து வர முடிந்தது.

‘கொடு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருங்குறியில் (யூனிகோடு) ‘கொ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால், முதல் வகையில் ‘கொடு’ 12 பைட். இரண்டாம் வகையில் 15 பைட். இன்னொரு குறியேற்றமான யூடிஎஃப்-16-இல் அதே சொல் 8 அல்லது 10 பைட். ஒதுக்கப்படாத இடத்தில் (எந்தக் கோப்புக்கும் உரியதாக இல்லாத, அழித்தவை எஞ்சியிருக்கும் பகுதி) பைட் பைட்டாக ஒப்பிட்டுத் தேடும் கருவிக்கு இவை நான்கும் நான்கு வெவ்வேறு சொற்கள். ஒருங்குறி விதிப்படி முதல் இரண்டும் சமம் என்று அறிவித்திருந்தாலும், தேடும் கருவி அந்தச் சமன்பாட்டைச் செய்தால்தான் அது பலிக்கும். இது ஏட்டளவிலான சிக்கலும் அன்று: மேக் கணினிகளில் நெடுநாள் இருந்த ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அதே பெயரை விண்டோஸில் தட்டினால் பெரும்பாலும் சேர்ந்த வடிவம் வரும்.

ஔகாரம் இன்னும் மோசம். ‘கௌரி’, ‘கெளரி’ என்று இரண்டு விதமாக இங்கே எழுதியிருக்கிறேன். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி, இரண்டாவதில் இருப்பது கொம்பும் ளகர எழுத்தும். தமிழ்நாட்டில் பாதிப் பேர் இரண்டாவதைத்தான் தட்டுகிறார்களோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஒருங்குறி இவற்றைச் சமம் என்று சொல்வதும் இல்லை. உருவம் ஒன்றுபோல இருந்தாலும் அதன் விதிப்படி வேறு வேறு. சௌந்தர் என்ற பெயருள்ள சாட்சியை ஒரு படிமத்தில் தேடும் காவல் அதிகாரி இதை அறியாமல், அவர் பெயர் எங்கும் இல்லை என்று அறிக்கை எழுதிவிட முடியும். இவற்றோடு, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கல்யாணப் பத்திரிகை இருக்கிறது. அதற்குள்ளே உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். பிடிஎஃப் கோப்பிலிருந்து பிரித்தெடுக்கும்போது கொம்பு எழுத்துக்கு முன்னால் தாவிவிடுவது உண்டு. ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டுகிறவர்கள் ழகரத்துக்கு ஒருவர் ‘இசட் ஹெச்’ போடுவார், அடுத்தவர் ‘எல்’ போடுவார்.

இவற்றையெல்லாம் உண்மை வழக்கிலோ பழைய தட்டிலோ தேடிப் பிடிப்பதென்றால் ஆயுள் போதாது. நானே 240 வரிகள் எழுதினேன். ஒவ்வொன்றும் எந்தச் சொல், எந்த வடிவம், எந்தக் கோப்பு வகை, அழிக்கப்பட்டதா இல்லையா என்று தாளில் குறித்து, 16 ஜிபி பென்டிரைவிலும் சோதனைப் போனிலும் வைத்து, படிமம் எடுத்துத் தேடினேன். சிறிய தட்டை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் நேரம்தான். விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தால்கூட 1 டிபி தட்டைப் படிமம் எடுக்க ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும், பிரதி மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்ணான ஹாஷைச் சரிபார்க்க மறுபடி அதே அளவு. வேலைக்குப் போகிறவனுக்குக் கிடைக்கும் ஒரு சனிக்கிழமை இரண்டு சோதனைகளிலேயே தீர்ந்துவிடும்.

இந்த வழியிலும் பள்ளங்கள் உண்டு; இரண்டில் நான் விழுந்தேன். போனின் அரட்டைச் செயலி தன் தரவுத்தளத்தை எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளில் வைத்திருந்தது. அதன் ‘வால்’ (ரைட்-அஹெட் லாக் என்பதன் சுருக்கம்) முறையில், புதிய பதிவுகள் முதலில் பக்கத்தில் உள்ள தனிக் கோப்பில் சேர்ந்து, இயல்பாக 1000 பக்கங்கள் ஆனதும் முதன்மைக் கோப்புக்கு மாற்றப்படும். நான் போனிலிருந்து எடுத்த கோப்பை, அதற்குப் பிரதி எடுக்காமல், சாதாரணப் பார்வைக் கருவியில் திறந்து மூடினேன். மூடும்போது அந்தக் கருவி பக்கக் கோப்பில் இருந்ததை முதன்மைக் கோப்பில் சேர்த்துவிட்டு, பக்கக் கோப்பை அழித்தது. நான் அளக்க நினைத்த பழைய பதிவுகளில் சில மேலெழுதப்பட்டன. முதல் வகுப்பில் சொல்லிக் கொடுப்பதை மறந்த குற்றம் என்னுடையது. ஆனால் தாள் கையில் இருந்ததால் ஒரே மாலையில் எல்லாவற்றையும் திரும்ப உருவாக்கிக்கொண்டேன். உண்மைச் சான்றுப்பொருளில் இது நடந்திருந்தால் திரும்ப உருவாக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது, நேரம். தாளில் நான் எழுதியது இந்திய நேரம். கருவி காட்டியது உலகப் பொது நேரம். அதிகாலை 2 மணிக்கு அனுப்பிய செய்தி முந்தைய நாள் இரவு 8.30-க்குப் போய் உட்கார்ந்துகொள்ள, கருவி அன்றைய செய்திகளைத் தொலைத்துவிட்டது என்று இரண்டு இரவுகள் நம்பிக்கொண்டிருந்தேன். ஐந்தரை மணி நேரம், அதாவது 19,800 விநாடி. இப்போது யாருக்கு உதவினாலும் அவர்கள் தாளில் இரண்டு நேர நிரல்களைப் போடச் சொல்கிறேன்.

இந்த வழியின் மீது தேர்வாளர்கள் வைக்கும் பெரிய குற்றச்சாட்டு வேறு: விடையை நீங்களே எழுதிவிட்டு, கேள்வியையும் நீங்களே கேட்கிறீர்கள் என்பது. நியாயமான குற்றச்சாட்டுதான். நான் செய்தது, தரவின் இரண்டாம் பாதியைக் கல்லூரி நண்பர் ஒருவரிடம் விட்டுவிட்டது. அவர் தன் விருப்பப்படி தமிழில் எழுதி, அழித்து, தன் தாளைப் பழுப்பு உறையில் ஒட்டி வழிகாட்டியின் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். என் தேடல் முடிவுகளை ஒப்படைத்த பிறகே உறை பிரிக்கப்பட்டது. முதல் பாதியில் என் முறை பிடித்ததைவிட இதில் குறைவாகவே பிடித்தது. அவர் ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை நான் எதிர்பாராத வகையில் தட்டியிருந்தார். அந்தக் குறைவான எண்ணைத்தான் ஆய்வேட்டின் முதன்மை முடிவாகப் போட்டேன், வாய்மொழித் தேர்வில் அரை மணி நேரம் பேச்சு அதைச் சுற்றியே நடந்தது.

தரவு முடிவான பின்

கருவி செய்வதா, இருக்கும் கருவிகளை ஒப்பிடுவதா என்ற அடுத்த முடிவு இதைவிட எளிது. வேலையில் இருப்பவர்கள் முழுக் கருவி ஒன்றைப் புதிதாக எழுதப் புறப்படுவதை நான் ஊக்குவிப்பதில்லை. செயலியின் ஒரு புதுப்பிப்பு வந்தாலே உங்கள் பகுப்பி (தரவைப் பிரித்துப் படிக்கும் நிரல்) உடைந்துவிடும், ஆய்வேடு பிழைதிருத்தப் பதிவேடாகிவிடும். ஆட்டாப்ஸி, ஏலீப் போன்ற திறமூலக் கருவிகளுக்கு ஒரு சிறிய இணைப்பு எழுதுவது மானமான நடுவழி. வணிகக் கருவிகளை ஒப்பிட விரும்பினால், உரிமம் உங்கள் பெயரில் எத்தனை மாதம் இருக்கும் என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். செயற்கை நுண்ணறிவு என்ற சொல்லைத் தலைப்பில் சேர்த்தால் அனுமதி சீக்கிரம் கிடைக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். பயிற்சிக்கான தரவு எங்கிருந்து வரும் என்ற கேள்வியில் அந்தத் தலைப்பும் மற்ற எல்லாத் தலைப்புகளோடும் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

சாதனத்தில், கணினிக்குள்ளேயே போனைப் போல இயங்கும் ஆண்ட்ராய்டு எமுலேட்டர் செலவில்லாத தொடக்கம். கூகுள் பிளே இல்லாத எமுலேட்டர் வகைகளில் ரூட் அனுமதி (எல்லாக் கோப்புகளையும் திறக்கும் முழு உரிமை) எளிதாகக் கிடைக்கும். அதில் உண்மைப் போனின் சேமிப்பகமோ வன்பொருள் குறியாக்கமோ இல்லை என்பதை வரம்புகள் அத்தியாயத்தில் எழுத மறக்கக் கூடாது. உண்மைப் போன் வாங்கினால், போனைத் தொடங்கிவைக்கும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறக்கும்போது உள்ளே இருப்பது முழுக்க அழியும் என்பதால், தரவை நிரப்பும் முன்பே அதைச் செய்துவிட வேண்டும். எதிர்முனையில் பேச வீட்டாரின் போனைப் பயன்படுத்தாமல் இரண்டாவது சோதனை எண் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. அம்மாவின் தொடர்புப் பட்டியல் உங்கள் படிமத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டால், எஸ்.பி. ரோட்டில் விட்டுவந்த சிக்கல் வீட்டுக்கே வந்ததாகிவிடும்.

சட்ட அத்தியாயத்துக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. மூத்த மாணவர்களின் ஆய்வேட்டிலிருந்து எடுத்து ஒட்டும் பழக்கத்தால், இன்னும் பலர், மின்னணுச் சான்றை நீதிமன்றம் ஏற்பது பற்றிய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவையே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் இருப்பது பாரதிய சாக்ஷிய அதிநியமின் 63-ஆம் பிரிவு. அதன் அட்டவணையில் உள்ள சான்றிதழில் சாதனத்தைப் பொறுப்பில் வைத்திருந்தவருக்கு ஒரு பகுதியும் வல்லுநருக்கு ஒரு பகுதியும் உண்டு. இரண்டிலும் ஹாஷ் மதிப்பையும் அதைக் கணித்த முறையையும் குறிக்க வேண்டும். எம்டி5, ஷா-1 என்ற பழைய ஹாஷ் முறைகள் அந்தப் படிவத்தில் இன்னும் இருக்கின்றன. ஒரே ஷா-1 மதிப்பு கொண்ட இரண்டு வெவ்வேறு கோப்புகளை 2017-லேயே உருவாக்கிக் காட்டிவிட்டதால், மாணவர்கள் ஷா-256-ஐ எடுத்துக்கொள்வது நல்லது.

எங்கள் தெரு மாணவர்களில் ஒருத்தி, தமிழ்க் குரல் செய்திகளைப் பற்றி நான்காம் வழியில் இறங்கிவிட்டாள். கடைசி மாதத்தில் தன் முறையைப் பொதுப் படிமம் ஒன்றிலும் ஓட்டிப் பார்ப்பதாக வழிகாட்டியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். மற்றவனுக்குத் தன் அலுவலகத்தின் உள்விசாரணைகளைத்தான் ஆராய வேண்டும் என்று ஆசை. விசாரணை எப்படி நடக்கிறது என்பதே அவன் கேள்வி என்பதால் நான் தடுக்கவில்லை. அனுமதிக் கடிதம் கேட்டு ஐந்து வாரமாகிறது, இன்னும் வரவில்லை. தலைப்பைப் பதிவு செய்யக் கடைசித் தேதி மாத இறுதியில். போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தவன், பேச்சோடு பேச்சாக, பூட்லோடர் திறந்த பழைய போன் ஒன்று கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறான்.